மல்லிக்கிடங்குத் தெருவுக்குப் பசித்த காலம்

விருதுநகரில் கொத்தமல்லி மூட்டைகளை அடுக்கிவைக்கிற பழைய கிடங்கை ஒட்டி ஒரு குறுகலான தெரு போகிறது, அதற்கு மல்லிக்கிடங்குத் தெரு என்று பெயர், அந்தத் தெருவின் நடுவில் குடியிருந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன்னுடைய பசியை வாய்க்கு வந்தபடி ஏசி வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னாள், அதுவும் போய்விட்டது.

ஏசியதற்குக் காரணம் இருந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதி, செருப்பு கடித்து இடது கால் விரலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கறுத்துக்கொண்டே போனது. சாத்தூரில் இருந்த அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்து, விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்து, அதற்குமேல் எடுக்க ஒன்றும் இல்லாமல் ஆளே போய்ச் சேர்ந்தாள். புண்ணைப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அரிசி, இட்லி, தோசை, பரோட்டா, கிழங்கு, சீனி, கருப்பட்டி, எதுவும் வாயில படக் கூடாது. முட்டை சாப்பிடுங்க, கறி, மீன், கீரை சாப்பிடுங்க, வயிறு நிறையச் சாப்பிடுங்க. விரல் வேணுமா சோறு வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தங்கபுஷ்பம் விரல்தான் வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் அவள் சோற்றுக்கென்றே பிறந்தவள். தயிர்சோற்றைக் குழையப் பிசைந்து, அதன்மேல் சீனிச்சேவை நொறுக்கிப் போட்டு, முந்தின நாள் மீன்குழம்பில் ஒரு கரண்டியும் ஊற்றிச் சாப்பிடுவாள், அந்தக் கூட்டை உலகத்தில் வேறு யாரும் தின்று பார்த்ததில்லை, அவள் புருஷன் தனுஷ்கோடி அதைப் பார்த்தாலே தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். அப்படிப்பட்டவள் காலையில் முட்டையும் மத்தியானம் மீனும் கீரையும் தின்றாள், வயிறு நிறைந்தது, பசி போகவில்லை. அது வயிற்றை விட்டு மேலேறி நாக்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது, கடைவாயில் உட்கார்ந்துகொண்டது, தெருமுக்கில் இருக்கிற கடையில் பரோட்டாக் கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டால் காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. தலை வலித்தது, தைக்கும்போது ஊசி நகக்கண்ணில் ஏறியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி கடையிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவந்து, தையல் மிஷினுக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, ஒவ்வொரு விரலாகச் சூப்பினான்.

"வெளிய வெச்சுத் தின்னா என்ன?" என்றாள்.

"நீ பத்தியம் இருந்தா நானும் சேந்து இருக்கணுமாக்கும்? என் வீட்ல நான் எங்க வேணா உக்காந்து திம்பேன்."

அவள் எழுந்துபோய் வாசல்கதவை அகலத் திறந்தாள், திறந்து, வீட்டுக்குள் நுழைந்த தெருநாயை விரட்டுகிற குரலில், "வெளிய போ சனியனே. என் காலைத் திங்க வந்த மூதேவி, இனி என் உடம்புக்குள்ள இருக்கக் கூடாது நீ, எங்கயாவது போய் எவனையாவது தின்னு" என்று கத்தினாள். கத்திய வாய் மூடுவதற்குள் நாக்கு லேசாயிற்று, வேண்டாத விருந்தாளி கிளம்பிப்போன வீடு மாதிரி உடம்பு அமைதியாயிற்று. அவள் மிஷினில் உட்கார்ந்து பாதியில் நின்ற ஜாக்கெட் கையைத் தைத்து முடித்தாள்.

அப்போதுதான் தின்று முடித்த தனுஷ்கோடி பரோட்டா சுற்றியிருந்த இலையை நக்கினான், நக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்தான். பக்கத்து வீட்டு ராசகனி அன்றைக்கு ஆட்டிவைத்த மாவையெல்லாம் தோசையாக ஊற்றிக்கொண்டே கல்லடியில் நின்றபடியே தின்றாள். எதிர்வீட்டில் கைக்குழந்தை பால் குடித்த வாயோடு மறுபடி வீறிட்டது. கிடங்கில் மூட்டை சுமக்கிறவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுத் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். சோற்றுக்காக, மாவுக்காக, இனிப்புக்காகத் தெரு முழுக்க வாய் ஊறியது.

போன பசி போனதாக இருக்கவில்லை. மறுபடி அவளுக்குள் முளைத்தது, அவளும் மறுபடி கதவைத் திறந்து ஏசி அனுப்பினாள், ஒவ்வொரு தடவையும் தெருவுக்குப் பசித்தது. அது யாருடைய பசி என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை, வெயில் காலம், தண்ணீர் மாறியிருக்கிறது, குழாயில் ஏதோ கலக்கிறார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் ராசகனி தன் வீட்டு வாசலில் நின்று கிண்ணத்திலிருந்து அள்ளித் தின்றுகொண்டிருந்தவள் கையை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் நின்றுவிட்டாள். கிண்ணத்தில் தயிர்சோறு இருந்தது, அதன்மேல் சீனிச்சேவு நொறுங்கிக் கிடந்தது, அதற்கும்மேல் பழைய மீன்குழம்பு சிவப்பாக ஓடியது. தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி கையிலும் அதே கிண்ணம், கிடங்குக் கணக்குப்பிள்ளை கையிலும் அதே கிண்ணம், சைவம் தவிர வேறு தொடாத பள்ளிக்கூட வாத்தியார்கூட யாரிடமோ குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இது புஷ்பக்கா தீனில்லா" என்றாள் ராசகனி.

தெரு சிரித்தது. அடடே, அதுதானா என்று சிரித்துவிட்டு மிச்சத்தையும் தின்றது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்குவீடு கரண்ட் வருவதுபோல் புஷ்பத்தின் வீட்டிலிருந்து பசி வருகிறது என்பதை ஏற்றுக்கொள்ள யாருக்கும் சிரமம் இருக்கவில்லை, எப்படி வருகிறது என்று கேட்க யாருக்கும் நேரமும் இருக்கவில்லை. முக்கில் இருந்த பரோட்டாக் கடைக்காரர் ஒரு தள்ளுவண்டியைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். சாப்பிடாமல் அடம்பிடிக்கிற பிள்ளைகளை வேறு தெருக்காரிகள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பருப்புச்சோற்றுக் கிண்ணத்தோடு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "யக்கா எப்பக் கதவைத் தொறப்பாக?" என்று விசாரித்தார்கள். பெரிய வியாதியில் படுத்து எழுந்து கஞ்சிகூட இறங்காமல் கிடந்த ஒரு பெரியவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள், கதவு திறந்தது, அவர் இட்லி கேட்டார், கூட வந்த மகன் அழுதான். தங்கபுஷ்பத்துக்கு அதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அவள் விரல் புண்ணின் ஓரம் காய்ந்து இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது, அவள் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜாக்கெட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. அக்குளில் பிடிக்கிறது, முன்னால் கொக்கி மாட்ட முடியவில்லை, உள்தையலைப் பிரித்துவிடு என்று ஒவ்வொருத்தியாக வந்து நின்றாள். தங்கபுஷ்பம் பிரித்துவிட்டாள், மறுமாதம் பிரித்துவிட உள்ளே துணி இல்லை. அவர்கள் பிதுங்கப் பிதுங்க அவள் இளைத்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது, தாடை கூர்மையாயிற்று, நடையில் ஒரு விசை வந்தது, அதைத்தான் தெருவால் தாங்கமுடியவில்லை. அளவெடுக்க நின்ற எதிர்வீட்டுக்காரி நாடாவைத் தட்டிவிட்டுச் சொன்னாள், "எங்க உடம்புல ஏறிக்கிட்டு நீ எளைக்கிறே."

தனுஷ்கோடிதான் எல்லோரையும்விட மோசமாக அடிபட்டான், ஒரே கூரைக்குள் இருந்ததால் கதவைத் தாண்டிப் போகிற பசி முதலில் அவனைத்தான் தாண்டிப் போனது. படியேறினால் மூச்சு வாங்கியது. வண்டியில் உட்கார்ந்தால் டயர் அமுங்கியது. வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்கிறவன் என்று பெயர் வந்தது. "மந்திரக்காரியைக் கட்டிக்கிட்டேன்" என்று தள்ளுவண்டியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், சொன்ன வாயாலேயே இன்னொரு செட் பரோட்டா வைக்கச் சொன்னான்.

இதெல்லாம் வசவோடு போயிருக்கும். ஆனால் ராசகனியின் மகள் ரஞ்சனி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போது ஒரு குறையும் இல்லாமல் வந்த பிள்ளைக்கு இங்கே வந்த பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில், வயிற்றில் பிள்ளை தேவைக்குமேல் பெருக்கிறது, இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லி ஊசி போடப் பழக்கி அனுப்பினார்கள். ராசகனி செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குள் வந்தாள்.

"யக்கா, ஒரு வாய் சோறு தின்னுரு. ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"காலைப் பிடிக்காதே. அந்தக் காலுக்காகத்தான் இவ்வளவும்."

"எம் மக வயித்துல பிள்ளை இருக்கு."

"தெரியும். அவளைக் கொஞ்ச நாளைக்கு அவ மாமியா வீட்டுக்கு அனுப்பி வையி."

"வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லுதியா? நீ ஒன் பசியை ஒனக்குள்ள அடக்கு."

"அடக்கத் தெரிஞ்சா நான் ஏன் கதவைத் தொறக்கேன்?"

"அப்பத் தின்னு!"

"தின்னா என் கால் போகும். நீயா வந்து எனக்கு நடப்பே?"

ராசகனி வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அன்றைக்குத் தங்கபுஷ்பம் கதவைத் திறக்காமல் இருந்து பார்த்தாள், கதவைத் தாழ்போட்டு, ஜன்னலைச் சாத்தி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசி அவளுக்குள் ஏறி ஏறி வந்தது, பற்கள் கூசின, அக்கா வீட்டில் சின்ன வயதில் தின்ற கருப்பட்டிப் பணியாரத்தின் மணம் எங்கிருந்தோ வந்து கண்ணை மறைத்தது. செத்துப்போவேன் என்று நினைத்தாள். எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள்கிற சத்தமும், "வேணாம்டி, வேணாம்டி" என்று ராசகனி மகளோடு மல்லுக்கட்டுகிற சத்தமும் கேட்டன. தங்கபுஷ்பம் அதைக் கேட்டாள், கேட்டுக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

அதன்பிறகு தெரு அவளோடு சண்டைக்கு நின்றது. பால்காரி அவள் வீட்டைத் தாண்டிப் போனாள். தைக்க ஒரு துணி வரவில்லை. விடிந்தால் வாசலில் கேசரி ஒரு கிண்ணம், பொங்கல் ஒரு கிண்ணம், நெய் வழிய வழிய யார் வைத்தார்கள் என்று தெரியாமல் இருக்கும், அவள் காலால் தள்ளிவிடுவாள், எறும்பு மொய்த்துக் கிடக்கும். அவள் ஜன்னலுக்கு அடியில் அடுப்பு வைத்து உளுந்தவடை சுட்டார்கள், மணம் தாங்காமல் வெளியே வந்து ஒன்றை எடுத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். மணம் உள்ளே போனது, அவளுக்குப் பசித்தது, அவள் ஜன்னல் வழியாகவே ஏசித் துரத்தினாள், சுட்டவர்கள் சுட்ட வடையைத் தாங்களே சட்டி காலியாகும்வரை தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் தெருச்சங்கம் பிள்ளையார் கோயில் வாசலில் கூடியது. புஷ்பம் எல்லோர் முன்னாலும் சோறு தின்ன வேண்டும், தானாகத் தின்னாவிட்டால் தின்னவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது தனுஷ்கோடி, "நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். கதவைத் தனுஷ்கோடியே திறந்துவிட்டான். ராசகனி கையில் தட்டு இருந்தது, அதில் தயிர்சோறு இருந்தது, நொறுக்கிய சீனிச்சேவு இருந்தது, குழம்பும் ஊற்றியிருந்தது, அவள் நாக்கு கேட்பது எதுவென்று அந்தத் தெருவுக்கு மனப்பாடமாகத் தெரியும். தனுஷ்கோடி பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் சேர்த்து முறுக்கிப் பிடித்தான், அவன் தொந்தி அவள் முதுகில் அழுந்தியது. ஒருத்தி தலையைப் பிடித்தாள். ராசகனி ஒரு கை சோற்றை அள்ளி அவள் உதட்டில் வைத்துத் தேய்த்தாள்.

"தொற வாயை. தொறடி!"

தங்கபுஷ்பம் பல்லை இறுகக் கடித்தாள். சோறு உதட்டில் அப்பி, தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கியது. தயிரின் புளிப்பு மூக்கில் ஏறியது. அவள் ஆயுளில் அவ்வளவு பசித்ததில்லை, அந்தப் பசியை அவள் ஆயுளில் எதையும் வெறுக்காத அளவுக்கு வெறுத்து, வாயைத் திறக்காமலே, உள்ளுக்குள் ஏசி, வெளியே தள்ளினாள்.

கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. தனுஷ்கோடி தட்டின்மேல் விழுந்தான். தலையைப் பிடித்திருந்தவள் தட்டின்மேல் விழுந்தாள். தட்டு கவிழ்ந்தது, சங்கத்து ஆட்கள் தரையில் முட்டிபோட்டு வழித்துத் தின்றார்கள், ராசகனி புஷ்பத்துக்கு ஊட்ட வைத்திருந்த கையைத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வாசலில் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்த ரஞ்சனி, நிறைமாத வயிற்றோடு, கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, குனிய முடியாமல் குனிந்து, முடியாமல் உட்கார்ந்து, தையல் நூலும் துணித்துண்டும் ஒட்டிய சோற்றை அள்ளினாள். அள்ளித் தின்றுகொண்டே அழுதாள்.

"பெரியம்மா, எனக்கு வேணாம் பெரியம்மா. என்னால நிறுத்த முடியல."

தங்கபுஷ்பம் இதுவரை பாத்திரம் உருள்கிற சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தாள். இப்போது அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். அது அவளுடைய வாய் தின்கிற மாதிரியே தின்றது, இடது கடைவாயில் ஒதுக்கி, கண்ணைப் பாதி மூடி, விழுங்குவதற்கு முன்னால் அடுத்த கை தயாராகி.

"நிறுத்து" என்றாள். ரஞ்சனியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. "என்னுது அது. அவளை விடு. திரும்பி வா, சனியனே. வந்து தொலை."

அது வந்தது. அந்த அறையில் இருந்தவர்களிடமிருந்து முதலில் வந்தது, பிறகு பக்கத்து வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, கிடங்கிலிருந்து, தள்ளுவண்டியிலிருந்து, எங்கேயெல்லாம் அனுப்பியிருந்தாளோ அங்கேயிருந்தெல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்தது மொத்தமாக வந்தது, வந்து அவளை இரண்டாக மடித்துப் போட்டது. தையல் மிஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உதட்டில் சோறு ஒட்டியிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை, துடைக்கக் கையைக் கொண்டுபோனால் கை வாய்க்குள் போய்விடும். கதவு திறந்தேதான் கிடந்தது, அதன் பக்கம் அவள் திரும்பவில்லை. பசி ஏறியது, இதற்குமேல் ஏற முடியாது என்று அவள் நினைத்த இடத்தைத் தாண்டி ஏறியது, அதற்கும் மேலே ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றது, வெகுநேரம் நின்றது, பிறகு, தரையில் கிடந்த சோறு காய்ந்து பொருக்காகிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் இறங்கியது. அது இறங்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஐம்பது வயதுவரை அதற்குச் சோறு போட்டாள், அப்புறம் கதவைத் திறந்து துரத்தினாள், அதைத் தன்னோடு உட்காரவிட்டுப் பார்த்ததே இல்லை.

மற்றவர்கள் கையில் சோற்றோடு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். ரஞ்சனி வாயில் இருந்ததைத் துப்பினாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள் தங்கபுஷ்பம். தனுஷ்கோடி எழாமல் இருந்தான். "நீங்களுந்தான்."

அவன் தன் தம்பி வீட்டுக்குப் போனான், சில நாள் கழித்துத் திரும்பி வந்தான், அவள் கதவைத் திறந்தாள், ஆனால் அவனுக்குச் சமைக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை. அவள் பசியை அதன்பிறகு அனுப்பவே இல்லை. அது வரும், வந்தால் ஒரு முட்டையோ உப்புப் போட்ட மோரோ கொடுப்பாள், அதற்கும் அடங்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அது இறங்குகிறவரை தைப்பாள், திட்டிக்கொண்டேதான் தைப்பாள். தெரு இளைத்தது. இளைத்ததற்கு நன்றி சொல்லவில்லை, ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்க வேறு தெருவுக்குக் கொண்டுபோனது. பரோட்டாக் கடைக்காரர் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போகும்போது மண்ணை வாரித் தூற்றினார். சாப்பிடாத பிள்ளைகளின் தாய்மார்கள் மூடிய கதவைப் பார்த்து, எல்லாப் பசியையும் தனக்கென்று வைத்துக்கொண்ட கொடுமைக்காரி என்றார்கள்.

ரஞ்சனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது, கொஞ்சம் பெரிய பிள்ளை, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறது. பேர் வைக்கிற அன்றைக்கு ரஞ்சனியே வந்து, அம்மா கூப்பிடவில்லை, நான் கூப்பிடுகிறேன் என்று கூப்பிட்டாள். தங்கபுஷ்பம் செருப்புப் போட்டுக்கொண்டு, ஐந்து விரலும் ஊன்றி, தெருவின் நடுவில் நடந்து போனாள்.

பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. இலையில் கறி விழுந்தது, முட்டை விழுந்தது, கீரை விழுந்தது. ராசகனி சோற்று வாளியோடு ஒவ்வொரு இலையாக வந்து அவள் முன்னால் நின்றாள். ஆவி பறந்தது. தங்கபுஷ்பம் வேண்டாம் என்று இலைக்குமேல் கையை விரித்தாள். வரிசை முழுக்கக் கைகள் அப்படியே நின்றன, ஒருத்தி தன் பிள்ளையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் தங்கள் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஏன், பசிக்கலையாக்கும்?" என்றாள் ராசகனி.

"பசிக்குது" என்றாள் தங்கபுஷ்பம். "ரொம்பப் பசிக்குது. நீ அடுத்த எலைக்குப் போ."